மறுநாள் ரத்தம்

அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் குழாயில் மகளின் ரத்தம் உறைந்து கிடந்தது, இல்லை, கரைந்து போயிருந்தது. இரண்டில் எது என்று அழகுமீனாவுக்குத் தெரியாது, தெரியாமல்தான் விடிந்ததிலிருந்து ஆஸ்பத்திரியின் இந்த நீள பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தாரணி தூங்குகிறாள். இரண்டு வயது தாண்டிய பிள்ளை, தூக்கத்தில் வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, உள்ளே நாக்கு நுனியில் ஒரு சிவப்புக் கோடு, அதைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பினால் கண் தானாகவே அங்கே போய் நிற்கிறது. சாமி கும்பிடலாம் என்றால் என்ன கேட்டுக் கும்பிடுவது என்று விளங்கவில்லை. கரையக் கூடாது என்று கேட்கலாம். கரையாவிட்டால் பிள்ளைக்கு டாக்டரம்மா சந்தேகப்படும் அந்த வியாதி இல்லை. வியாதி இல்லையென்றால் பிறகு எதனால் இந்த ரத்தம் என்ற கேள்வி மறுபடி வீட்டு வாசலில் வந்து உட்காரும், அதற்கு வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், அந்தப் பதிலுக்குப் பெயர் பஞ்சவர்ணம். சரி, கரையட்டும் என்று கேட்கலாம். கரைந்தால் வியாதிக்குப் பெயர் தெரியும், பெயர் தெரிந்தால் மருந்து உண்டு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் பெற்றவள் எவளாவது என் பிள்ளைக்கு வியாதி இருக்கட்டும் என்று கேட்பாளா. குலசாமி எத்தனையோ வேண்டுதலைக் கேட்டிருக்கும், இப்படி ஒன்றைக் கேட்டால் அதுவே திகைத்துப் போகும். எனக்குக் கேட்கத் தெரியவில்லை, உனக்கே தெரியும் என்று சாமியிடமே பொறுப்பைத் தள்ளிவிட்டு அவள் பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். விரல் பட்ட இடத்தில் அழுத்தம் கூடிவிட்டதோ என்று உடனே பயம் வந்தது. இப்போதெல்லாம் தன் விரலைக்கூட அவள் நம்புவதில்லை.

மாமா டீ வாங்கப் போயிருக்கிறார். மாமா என்றால் புருஷன், அம்மாவுடன் பிறந்த கடைசித் தம்பி, பாண்டீஸ்வரன். கல்யாணத்துக்கு முன்னாலும் மாமா, பின்னாலும் மாமா, கூப்பிடுவதில் மட்டும் அவளுக்கு எந்தச் சிரமமும் வரவில்லை. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறவர், கொடியின் இலை வாடினால் வேரில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார், நேற்று டாக்டர் தமயந்தி பேசியபோதுதான் முதல் தடவையாக அவர் விவரம் புரியாமல் கேள்வி கேட்டதைப் பார்த்தாள். டாக்டரம்மா இரண்டு குழாய்களைத் தூக்கிக் காட்டினார். "இது உங்க ரத்தம், இது பாப்பா ரத்தம். செவப்பெல்லாம் அடியில தங்க வெச்சுட்டு மேல நிக்கிற தண்ணிய மட்டும் எடுத்து உறைய வெச்சிருக்கோம்." இரண்டிலும் வெள்ளையாக, கலங்கலாக, இளநுங்கைத் தோல் உரித்துப் போட்டதுபோல ஒரு கட்டி. தன் உடம்புக்குள் இப்படி ஒரு நுங்கு இருக்கிறது என்பதே அழகுமீனாவுக்குப் புதிது, அதைவிடப் புதிது பிள்ளையுடையதும் தன்னுடையதும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தது. சாயலில் தாரணி அவளைக் கொண்டு பிறக்கவில்லை, மூக்கும் முழியும் அப்பனைப் போல, ஆனால் இந்தக் கட்டி மட்டும் அம்மாவைப் போல என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு அற்பச் சந்தோஷம். "நல்லாத்தான உறைஞ்சிருக்கு டாக்டர்," என்றார் மாமா. "நல்லா உறைஞ்சிருக்கு, அதான் இத்தன நாளா எல்லா டெஸ்டும் சரின்னு வந்துச்சு. இத இப்ப யூரியா கரைச்ச தண்ணியில போட்டு வைப்போம்." யூரியா என்றதும் மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. "கொடிக்குப் போடுற யூரியாவா டாக்டர்?" "அதேதான், இது சுத்தம் பண்ணுனது. ஒழுங்காப் பூட்டுப் போட்ட கட்டியா இருந்தா அதுல அப்படியே கெடக்கும். பூட்டு இல்லாத கட்டின்னா காலையில இருக்காது." மாமா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அப்புறம் சொன்னார், "நம்ம காய்க்கிறதுக்குப் போடுறோம், இவுக கரையுதான்னு பாக்கப் போடுறாக."

பூட்டு என்று டாக்டரம்மா சொன்னது அவளுக்கு நெஞ்சில் ஒட்டவில்லை, பூட்டு என்றதும் வீட்டுக் கதவு ஞாபகம் வருகிறது, கதவு ஞாபகம் வரக் கூடாது, அதனால் அவள் அதைத் தையலாக்கிக்கொண்டாள். ஜாக்கெட்டுக்குத் துணி வெட்டியதும் முதலில் ஓட்டுத் தையல் போடுவார்கள், துண்டுகள் நகராமல் இருக்க, பார்ப்பதற்கு முழு ஜாக்கெட்டாகவே இருக்கும், போட்டுக்கூடப் பார்க்கலாம். அதன்மேல் கெட்டித் தையல் ஓடாவிட்டால் கையைத் தூக்கும்போது அக்குள் விட்டுப் போகும். தாரணியின் ரத்தம் ஓட்டுத் தையலோடு நின்றுவிடுகிறதோ என்னவோ. இது அவளாகவே கண்டுபிடித்தது, டாக்டரம்மாவிடம் சொல்லலாமா என்றுகூட நினைத்தாள், சொல்லவில்லை, ஏனென்றால் ஓட்டுத் தையலையும் கெட்டித் தையலையும் அவள் பார்த்தது பஞ்சவர்ணம் அக்காவின் மிஷினில். கதவைத் தவிர்க்கத் தையலுக்குப் போனால் தையலும் அதே வாசலில்தான் கொண்டுவந்து விடுகிறது. பக்கத்து வீடு. புருஷன் குமுளி மலைப்பாதையில் லாரியோடு கவிழ்ந்து செத்துப் போனவன், பிள்ளை குட்டி இல்லை, தையல் மிஷின் உண்டு. மத்தியான வேளையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டிக் கொடுக்க அழகுமீனா அங்கே போவாள், இரண்டு பேரும் கொக்கி கட்டிக்கொண்டே ஊரில் ஒருத்தரையும் விடாமல் பேசித் தீர்ப்பார்கள். தாரணி வயிற்றில் இருந்தபோது அக்கா மிஷினை நிறுத்திவிட்டு வயிற்றில் காது வைத்துக் கேட்டாள். "உள்ள இருக்குறவ மிஷின் சத்தத்துக்குக் கால ஆட்டுறாத்தா," என்றாள். அது நடந்தது அந்த வீட்டில்தானா, அதே அக்காதானா என்று இப்போது நினைத்துப் பார்த்தால் நம்ப முடியவில்லை.

தாரணி கையை அசைத்தாள். காதில் தங்கத் தோடு இல்லை, ஓட்டை தூர்ந்து போன இடத்தில் ஒரு சின்னத் தழும்பு. காது குத்து நடந்தது குலசாமி கோயிலில், மொட்டையும் அன்றைக்கே. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அழகுமீனாவின் தம்பி பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான், பிள்ளை வீரிட்டாள், ஆசாரி தோட்டைத் திருகினார், இரண்டு சொட்டு வந்து நின்றுவிட்டது. பெரிய மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. எல்லோரும் கறிச்சோறு சாப்பிட்டார்கள். அழகுமீனாவுக்குக் காது குத்தியபோது அவள் உட்கார்ந்திருந்தது இதே பாண்டீஸ்வரன் மடியில், அப்போது அவர் மீசை முளைக்காத பையன், பிள்ளை அழுததைப் பார்த்து அவரும் அழுதார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். காது குத்தும்போது எந்த மடியில் உட்கார்ந்தாளோ அந்த மடிக்காரனையே கட்டிக்கொண்டாள், சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள், சொந்தம் விடவும் இல்லை. டாக்டரம்மா முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார், சொந்தத்தில் கல்யாணமா என்று. குற்றம் சொல்லும் குரலில்லை, ஊர் பேர் கேட்பதுபோலக் கேட்டார். அப்புறம் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். எங்கேயோ மேலே, பேர்கூடத் தெரியாத ஒரு பாட்டனிடம் ஒரு சின்னக் குறை, அவனை அது ஒன்றும் செய்யவில்லை, அவன் பிள்ளைகளையும் ஒன்றும் செய்யவில்லை, ஆளுக்குப் பாதியாகச் சத்தமில்லாமல் இறங்கி வந்திருக்கிறது, அம்மாவிடம், மாமாவிடம், அம்மா வழியாகத் தன்னிடம். பாதியை வைத்துக்கொண்டு எல்லோரும் கல்லுப்போல இருந்திருக்கிறார்கள், மாமா கவாத்துக் கத்தியில் கையை வெட்டிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனவர். இரண்டு பாதியும் ஒன்று சேர இத்தனை தலைமுறை காத்திருந்து, கடைசியில் இந்தச் சின்ன உடம்பைத் தேடி வந்து சேர்ந்ததா. "அப்படி இருக்கலாம்னு சொல்றேன், காலையில தெரிஞ்சிரும்," என்றார். அழகுமீனா அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயம் ஒரு பக்கம் இருக்க, அதையும் மீறி ஒரு மலைப்பு, ஆற்றுக்கு அடியில் இன்னொரு ஆறு ஓடுகிறது என்று யாரோ சொன்னதுபோல.

கோயிலுக்கு அக்கா வரவில்லை. அக்கா எந்த நல்ல காரியத்துக்கும் அன்றைக்கு வரமாட்டாள். வந்தால் யாரும் வெளியே போ என்று சொல்லப் போவதில்லை, ஆனால் குங்குமத் தட்டை நீட்டும்போது கை அவளைத் தாண்டிப் போகும், அதைப் பார்ப்பதைவிட வராமல் இருப்பது அவளுக்கும் நல்லது, கூப்பிட்டவர்களுக்கும் நல்லது. அதனால் அவள் மறுநாள் வருவாள். பந்தல் பிரித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, வீட்டுக்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, சேலைத் தலைப்பில் எதையாவது மறைத்துக் கொண்டுவருவாள். காது குத்துக்கும் மறுநாள்தான் வந்தாள். வெட்டு மிச்சத்துணியை ஒட்டுப் போட்டு ஒரு கவுன் தைத்திருந்தாள், மஞ்சளும் ஊதாவும், கழுத்தில் சின்ன மணி வைத்து. மடியில் வைத்து அவளே மாட்டிவிட்டாள். கவுன் தலைவழியாக இறங்கியதுதான் தாமதம், காதில் ரத்தம் கண்டது. சொட்டாக வந்தது கோடாக ஆனது, கழுத்து மணியெல்லாம் சிவப்பு, பஞ்சை வைத்து அழுத்தினால் நிற்கும், எடுத்தால் வரும், விடிய விடிய அப்படியே. மாமாவின் அண்ணன் சம்சாரம் அடுக்களையில் நின்று சொன்னாள், நேத்துக் குத்துன காது நேத்துப் பூரா நல்லாத்தான இருந்துச்சு, இவ வந்து மடியில தூக்குனா, வருது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது. சொன்னவள் மெதுவாகச் சொல்லவில்லை. அக்கா ரத்தம் ஆன கவுனைக் கையில் சுருட்டிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் எல்லோருக்கும் தொப்புள் ஞாபகம் வந்தது. பிறந்து கொடி விழுந்தது ஒரு நாள், தொப்புளில் ஈரம் கசிந்தது அடுத்த நாள், நடுவில் அக்கா பிள்ளையைப் பார்க்க வந்து போயிருந்தாள், தீட்டு கழித்த மறுநாள் அது, ஆகவே அவள் நாள். கணக்கு எவ்வளவு கச்சிதமாக விழுந்தது. அழகுமீனா முதலில் நம்பவில்லை. முதலில் நம்பவில்லை என்று இப்போது நினைத்துக்கொள்வதில் ஒரு ஆறுதல் இருக்கிறது, ஆனால் அப்படி எத்தனை நாள் நம்பாமல் இருந்தாள், நம்பாதவள் ஏன் அதன்பிறகு கொக்கி கட்டப் போகவில்லை. பொங்கலுக்கு மறுநாள் அக்கா வந்தாள், கையில் மூடி போட்ட தூக்குவாளி. அதற்கு முந்தின நாள் தாரணி வாசற்படியில் தடுக்கி நெற்றியை இடித்துக்கொண்டாள், சின்னப் புடைப்பு, தேங்காய் எண்ணெய் தடவியதும் அமுங்கிவிட்டது. அன்றைக்குக் காலையில் அதே இடம் நீலமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது, கண் இமைவரை இறங்கிக்கொண்டிருந்தது, பிள்ளை முகம் பிள்ளை முகமாகவே இல்லை. வாசலில் அக்காவைப் பார்த்தாள். அழகுமீனாவே போய்க் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை, மெதுவாகத்தான், ஆனால் முகத்துக்கு நேராக. சாத்தும்போது இடுக்கில் அக்காவின் கண்ணைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் நினைப்பு முள்ளில் மாட்டிய சேலையாக நின்றுவிடுகிறது, இழுத்தால் கிழியும், அதனால் அவள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பிள்ளையை மறு தொடைக்கு மாற்றினாள். எதிர்ச்சுவரில் ஒரு பல்லி. தூரத்தில் எவளோ ஒரு நர்ஸ் எதற்கோ சிரிக்கிறாள். மாமா டீக்குப் போய் எங்கே நிற்கிறார், திராட்சை என்ன விலை என்று மதுரை டீக்கடையிலும் விசாரித்துக்கொண்டிருப்பார். திராட்சை. அதையும் நினைக்காமல் இருக்க முடியாது. பத்து நாளைக்கு முன்னால் மூன்று சக்கர வண்டியிலிருந்து விழுந்து பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டாள், வாயில் சர்க்கரை போட்டதும் நின்றது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று மாமா சிரித்தார். அதற்கப்புறம் தலையணையில் தினமும் ஒரு கறை, லேசாக, எச்சிலோடு எச்சிலாக. வெளியே போனால் மலம் கறுப்பு. பன்னீர் திராட்சை அறுப்பு நேரம், கூடை கூடையாக வீட்டில் குவிந்து கிடந்தது, பிள்ளை இரண்டு கையிலும் எடுத்து வாயில் அடைத்துக்கொண்டே இருந்தாள், எங்கள் ஊரில் அந்த மாதம் எந்தப் பிள்ளைக்குத்தான் கறுப்பாகப் போகாது. திராட்சை என்றே நினைத்தார்கள். பிள்ளை ராத்திரி முழுக்க ரத்தத்தை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள், அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு திராட்சை என்று நினைத்தாள். உதடு வெளுத்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கச் சலிப்புப்பட்டு, ஒரு நாள் நின்ற இடத்தில் மடங்கி உட்கார்ந்தபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கம்பத்திலிருந்து மதுரைவரை அந்த வண்டியின் சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது. யாரோ முகம் தெரியாதவர்களின் ரத்தம் பையில் தொங்கிச் சொட்டுச் சொட்டாக இறங்க, பிள்ளையின் காது மடல் முதலில் சிவந்தது. காது மடலிலிருந்துதான் உயிர் திரும்பி வந்தது, அதை அவள் கண்ணால் பார்த்தாள்.

முதல் டாக்டர், இளவட்டம், காகிதத்தைப் புரட்டிவிட்டு, ரத்தம் உறையுற நேரமெல்லாம் சரியா இருக்கு, அப்புறம் ரத்தம் நிக்காத குறை ஆம்பளப் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்றார். மாமா ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார். அண்ணன் சம்சாரத்துக்கு அது போதும். டாக்டரே ஒண்ணுமில்லங்கிறாரு, பஞ்சவர்ணம் மொட்ட மாடியில துணி காயப் போடுறேன்னு நின்னு பாத்துக்கிட்டு இருந்தா, நான் பாத்தேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. பிறகுதான் தமயந்தி டாக்டர் வந்தார், தலை நரைத்த மனுஷி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளையின் தொப்புளைப் பார்த்தார், காதைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "கொடி விழுந்தப்ப ரத்தம் வந்துச்சா?" வந்தது. "காது குத்துனப்ப?" வந்தது. "குத்துன அன்னைக்கா, மறுநாளா?" இந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. அழகுமீனா வாயைத் திறந்தாள், மறுநாள் என்று சொன்னாள். "நெத்தியில இடிச்சது?" மறுநாள். "நாக்கு?" அன்னைக்கு நின்னுச்சு டாக்டர், மறுநாள் கறை. டாக்டரம்மா தலையை ஆட்டினார், வெகுநாள் தேடியவரைச் சந்தையில் பார்த்ததுபோல. அதிலிருந்து இந்த இரண்டு நாளாக மறுநாள் மறுநாள் என்று ஒரே சொல் அழகுமீனாவின் தலைக்குள் செக்கு மாடாகச் சுற்றுகிறது. அடிபட்ட நாளில் யாரும் தேடவில்லை, ரத்தம் வந்த நாளில் தேடினார்கள். அந்த நாளில் வாசலில் நின்றவள் ஒருத்திதான். அவள் ஏன் அந்த நாளில் நின்றாள் என்றால், முதல் நாளில் நிற்க எங்கள் யாருக்கும் மனசில் இடம் இல்லை என்பதை எங்களுக்கு முன்னால் அவளே தெரிந்துகொண்டதால். இது சரியா, இது அப்படித்தானா, இல்லை நானாகக் கோர்க்கிறேனா. குழாய் சொல்லட்டும். கரையவில்லையென்றால் அக்கா. கரைந்தால் நான்.

கதவு திறந்தது. "தாரணி அம்மா, வாங்க." மாமாவும் டீத் தம்ளரோடு ஓடி வந்துவிட்டார், பாதி கையில் சிந்தியிருந்தது. உள்ளே குளிர்ந்த வாடை, ஜன்னல் பக்கத்து மேசையில் இரண்டு குழாய்களும் நேற்றைப்போலவே அருகருகே நின்றன. டாக்டரம்மா முதலில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்தார். நுங்கு மெல்ல நகர்ந்து கண்ணாடியில் சாய்ந்து நின்றது. அவளுடையது. ராத்திரி முழுக்க யூரியாவில் ஊறியும் ஒரு முனை மழுங்காமல், பிடிவாதமாக, அவளைப் போலவே. அடுத்ததை எடுத்தார், சாய்த்தார். தண்ணீர். அழகுமீனா குனிந்து அடியில் பார்த்தாள், ஓரத்தில் பார்த்தாள், ஒரு நூல், ஒரு தூசி, ஏதாவது இருக்கும் என்று பார்த்தாள். அங்கே எதுவும் எப்போதும் இருந்ததாகவே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு, அதன் வழியாக ஜன்னல் கம்பியும் வெளியே வேப்பமரமும் கோணல் இல்லாமல் தெரிந்தன. நேற்று இருந்தது. நேற்று இந்தக் கண்ணால் பார்த்தாள், அழகாக, முழுசாக, தன்னுடையதைப்போலவே. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை, கை மட்டும் தானாகக் குவிந்தது, கும்பிடுகிறாள் என்பது மாமா அவளைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. யாரைக் கும்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இத்தனை நாள் அந்தச் சின்ன உடம்பு ஒவ்வொரு காயத்துக்கும் விடாமல் கட்டிக் கட்டிப் பார்த்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் மறுநாள் அது கரைந்திருக்கிறது, மறுபடி முதலிலிருந்து கட்டியிருக்கிறது, யாருக்கும் தெரியாமல், சலிக்காமல்.

"ரத்தம் உறையுறது பல பேரு சேந்து செய்யுற வேல," என்றார் டாக்டரம்மா. "ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்திருக்கோம். எல்லாரும் வந்து ஒழுங்காத்தான் கட்டுறாங்க. கடைசியா வந்து இறுக்கிப் பூட்ட வேண்டியவன் பதிமூணாவது ஆளு. பாப்பாகிட்ட அவன் மட்டும் இல்ல. இன்னும் ஒரு டெஸ்ட் அனுப்பி உறுதி பண்ணிக்கணும், ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல." மாமா கேட்டார், "அவன வெளியில இருந்து குடுக்க முடியுமா டாக்டர்?" முடியும் என்றார். தானம் கொடுத்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்து எடுத்து, மாதம் ஒரு தடவைபோல ஏற்ற வேண்டும், விடாமல் ஏற்ற வேண்டும், விட்டால் தலைக்குள் ரத்தம் கசியலாம், அந்தப் பயம் மட்டும் எப்போதும் இருக்கட்டும். "ஆனா இவன் ஒரு நல்ல ஆளு. ரொம்பக் கொஞ்சம் இருந்தாப் போதும், வந்தா வாரக் கணக்கா உள்ளயே தங்கிருவான். பிள்ள ஓடலாம், விழலாம், பள்ளிக்கூடம் போகலாம்." கொஞ்சம் இருந்தால் போதும். அழகுமீனாவுக்கு அந்தச் சொல் உடம்பெல்லாம் ஓடியது. இல்லாமல் போனால் உயிரையே கரைக்கிற ஒன்று, இருக்க வேண்டியதோ ஒரு துளி, அந்தத் துளியை எங்கேயோ எவனோ ஒருத்தன் ஆபீசுக்குப் போகிற வழியில் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, தனக்குள் இப்படி ஒருத்தன் இருந்ததே தெரியாமல், பிஸ்கட் தின்றுவிட்டுப் போயிருப்பான். அவன் என்ன சாதியோ, என்ன ஊரோ. அவன் கண் நல்ல கண்ணா கெட்ட கண்ணா என்று யார் கேட்டார்கள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் மாமா டீத் தம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், தெரியுமில்ல," என்றார். "பொறந்த பத்து நாளுல தொப்புள்ள ரத்தம் போயி." அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். அதற்கும் யாரோ ஒருத்தியின் கண்தான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள், அவள் பேர் இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. பேர்கூட மிஞ்சாத அந்த ஒருத்தி எந்த வாசலில் நின்றாளோ, எந்தக் கதவு அவள் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டதோ. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தக் குறை பாதிப் பாதியாக எப்படித் தலைமுறை இறங்கி வந்ததோ, அதே வழியில் இந்தப் பழியும் கூடவே இறங்கி வந்திருக்கிறது, அதை மட்டும் யாரும் எந்தக் குழாயிலும் போட்டுப் பார்க்கவில்லை. மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "பஞ்சவர்ணத்துக்கிட்ட நான் பேசவா," என்றார். "வேணாம் மாமா. கதவச் சாத்துனது நானு." போனை எடுத்தாள். எண் அழிக்காமல்தான் இருந்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கமாட்டாள் என்று நினைத்த நேரத்தில் எடுத்தாள். பின்னால் மிஷின் ஓடி நிற்கும் சத்தம். "அழகு, பிள்ள எப்படி இருக்கா?" என்றுதான் எடுத்த எடுப்பில் கேட்டாள், வேறு எதுவும் கேட்கவில்லை. நல்லா இருக்கா அக்கா என்றாள் அழகுமீனா. அடுத்து சொல்ல வேண்டியதை நெஞ்சில் அடுக்கிக்கொண்டுதான் போனைப் போட்டாள், அதற்குள் அக்கா அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தாள், "நான் மாடிக்குப் போறதே இல்லத்தா. துணியெல்லாம் வீட்டுக்குள்ளயே கயிறு கட்டிப் போட்டுக்கிறேன். உங்க வீட்டுப் பக்கத்து சன்னலயும் அடச்சுட்டேன். பிள்ள நல்லபடியா வரட்டும்." அழகுமீனாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஊர் நம்பியதைவிட, வீடு நம்பியதைவிட, அவளே நம்பிவிட்டாள். தன் இரண்டு கண்ணுக்கும் தானே பயந்து, ஜன்னலை அடைத்துக்கொண்டு, ஈரத் துணி வாடையில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறாள். அடுக்கி வைத்த சொல்லெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இப்போதுதான் அழுகை வந்தது. "அக்கா, இது கண்ணு இல்ல. ரத்தத்துல ஒண்ணு கொறையுது, அடிபட்டா மறுநாள்தான் வரும், யாரு வந்தாலும் வராட்டியும் மறுநாள் வரும். டாக்டர் காட்டுனாக, நான் கண்ணால பாத்தேன்." அழகுமீனா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாரோம்க்கா. நீங்க மறுநாள் வராதீங்க." "சரித்தா," என்றாள் அக்கா, உடனே, பழகிய குரலில், "வரல." "அன்னைக்கே வாங்க. நாங்க வண்டிய விட்டு எறங்கும்போது வாசல்ல நீங்க நிக்கணும். பிள்ளைக்கு ஆரத்தி நீங்கதான் எடுக்கணும்." பக்கத்தில் மாமா நிமிர்ந்து பார்த்தார். மடியில் தாரணி விழித்துக்கொண்டு போனைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அந்தப் பக்கம் ஏதோ டப்பா திறக்கும் சத்தம், பிறகு அக்கா சொன்னாள், "மஞ்சள் இருக்கு. வீட்டுல சுண்ணாம்புதான் இல்ல, வாங்கி வைக்கணும்."